கோதுமை கலவாத வெனிலா கேக்: மகளிர் குழுக்களுக்கு ஒரு பாடம்

கேக் என்பது பட்டணத்துப் பண்டம் என்றும், மைதா இன்றி அதைச் செய்தல் இயலாது என்றும் நம்மிற் பலர் எண்ணியிருந்தோம். முதல் எண்ணம் பொய்த்துவிட்டது. பிறந்த நாளுக்குக் கேக் வெட்டும் வழக்கம் இன்று சிற்றூர்களிலும் பரவியிருக்கிறது. இரண்டாம் எண்ணமும் உண்மையன்று. ஆயினும் மைதாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அரிசி மாவைப் போட்டுவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. இதனை எங்கள் ஒன்றியத்திலுள்ள மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் அனுபவத்தைக் கொண்டு விளக்க முற்படுகிறேன். அவ்வனுபவத்தில் என் பிழையும் ஒன்று உண்டு. அதை மறைத்து எழுதினால் பாடம் குறைபட்டுப் போகும்.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டில் இக்குழுவினர் தினை பிஸ்கட் செய்யத் தொடங்கினர். பிஸ்கட்டில் பாதி தினை மாவு, பாதி மைதா. விற்பனை ஒருவாறு நடந்துகொண்டிருந்தபோது, அருகிலுள்ள நகரத்திலிருந்து ஒருவர் தம் மகளின் பிறந்த நாளுக்காக வந்து கேட்டார்: "கோதுமை துளியும் சேராத கேக் செய்து தர முடியுமா? குழந்தை கோதுமையைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்."

அக்குழந்தைக்கு இருந்தது சீலியாக் என்னும் நோய். கோதுமையிலும் பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் குளூட்டன் எனப்படும் ஒருவகைப் பசைப் புரதம் இருக்கிறது. சிலருடைய உடல் இப்புரதத்தைப் பகையாகக் கருதித் தன் சிறுகுடலின் உட்புறத்தைத் தானே சிதைத்துக்கொள்ளும். உண்ட உணவின் சத்து உடலிற் சேராது. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, குழந்தைகளிடத்தே வளர்ச்சிக் குறைவு ஆகியன தோன்றும். கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் காரல் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் கொடும் பஞ்சம் நேர்ந்து ரொட்டி கிடைக்காது போயிற்று. ஊரெல்லாம் வாடிய அக்காலத்தில் இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. முன்னரே கோதுமையின்மேல் ஐயங்கொண்டிருந்த டிக்கே தம் ஆராய்ச்சி முடிவுகளை 1950-இல் வெளியிட்டார். இன்றளவும் இந்நோய்க்கு உரிய சிகிச்சை, ஆயுள் முழுவதும் குளூட்டனை விலக்கி உண்பதேயாகும்.

அரிசியுண்ணும் தென்னாட்டில் இந்நோய் வட இந்தியாவைக் காட்டிலும் குறைவாகவே காணப்படுகிறது. எனினும் இல்லாமல் இல்லை. ஐயம் உள்ளவர்கள் மருத்துவரைக் காணுமுன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடலாகாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனையில் நோய் தென்படாமற் போகக்கூடும்.

இனி கேக்கிற்கு வருவோம். மைதாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது குளூட்டன் வலைபோற் பின்னிக்கொள்கிறது. பேக்கிங் பவுடரிலிருந்து எழும் காற்றை அந்த வலை பிடித்து நிறுத்துகிறது. அதனாலேயே கேக் உப்புகிறது, வெட்டினால் உதிராமல் நிற்கிறது. அரிசி மாவில் இவ்வலை கிடையாது. இதை நான் குழுக் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்த ஓர் அம்மையார், "ஐயா, உளுந்து போடாமல் இட்லி வார்த்த கதைதானே இது?" என்றார். நான் அரை மணி நேரம் சொல்லியதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். இட்லியில் அரிசிக்கு இல்லாத பிடிப்பை உளுந்தின் வழவழப்புத் தருகிறது. அதுபோலக் கேக்கிலும் குளூட்டன் செய்த வேலையை வேறு பொருள்களுக்குப் பங்கிட்டுத் தரவேண்டும். முட்டைக்கு ஒரு பங்கு, மரவள்ளி மாவுக்கு ஒரு பங்கு, இசப்கோல் உமிக்கு ஒரு பங்கு.

ஏறக்குறைய முக்கால் கிலோ கேக்கிற்கு அளவு பின்வருமாறு: பச்சரிசி மாவு 150 கிராம், மரவள்ளி மாவு 50 கிராம், இசப்கோல் உமி ஒரு தேக்கரண்டி, பொடித்த சர்க்கரை 150 கிராம், உப்பிடாத வெண்ணெய் 120 கிராம், முட்டை மூன்று, பால் 120 மில்லி, பேக்கிங் பவுடர் தலைதட்டி இரண்டு தேக்கரண்டி, வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. மரவள்ளி மாவு என்று நான் கூறுவது சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஜவ்வரிசி ஆலைகளில் எடுக்கப்படும் வெண்மையான மாவை. கிழங்கை வெயிலில் உலர்த்தி அரைத்த மாவை அன்று. அரிசி மாவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துத் தினை மாவு சேர்த்தால் மணம் கூடும். ஆனால் அண்மையில் அரைத்த தினை மாவாக இருத்தல் வேண்டும், நாட்பட்டது கசக்கும்.

மாவின் நயமே இக்கேக்கின் உயிர். குழுவினரின் முதல் கேக் நாவில் மணல்போல் நெருடியது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் முற்றும் உலர்த்தி அரைத்து, இடியாப்ப மாவுக்குச் சலிப்பதினும் நுண்ணிய சல்லடையில் இருமுறை சலித்த பின்னரே அந்நெருடல் நீங்கியது. அதிரச மாவுபோல ஈரம் நிற்கவிட்டால் எடைக் கணக்கு பிழைபட்டுக் கேக் நடுவில் வேகாது.

வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்து நுரைத்து வரும்வரை அடிக்கவேண்டும். பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி அடித்து, வெனிலாவைச் சேர்க்கவேண்டும். முட்டை சேர்க்கையில் கலவை திரிந்ததுபோலத் தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை; ஒரு கரண்டி அரிசி மாவைச் சேர்த்தால் கூடிக்கொள்ளும். மரவள்ளி மாவில் ஒரு மேசைக்கரண்டியை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, எஞ்சிய மாவு வகைகளையும் இசப்கோல் உமியையும் உப்பையும் பாலுடன் மாற்றி மாற்றிச் சேர்த்துக் கலக்கவேண்டும். மைதாக் கேக்கை மிகுதியாகக் கலக்கினால் குளூட்டன் முறுகிக் கேக் இறுகிவிடும் என்பது பேக்கரித் தொழிலாளர் யாவரும் அறிந்த விதி. இங்கே அந்த அச்சம் இல்லை. கட்டியின்றி நன்றாகவே கலக்கலாம்.

இப்போது கலவையை இருபது நிமிடம் மூடிவைக்கவேண்டும். அரிசி மாவு மெதுவாகவே நீரை உண்ணும். அவசரப்பட்டால் மீண்டும் அந்த மணல் நெருடல் தலைகாட்டும். பேக்கிங் பவுடரைத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டு மூடிவைத்தால் காற்றில் ஒரு பகுதி வீணாகிவிடும். குழுவினரின் இரண்டாம் கேக் அவ்வாறு நடுவில் குழிந்துபோயிற்று. ஆகவே எடுத்துவைத்த மரவள்ளி மாவுடன் பேக்கிங் பவுடரைக் கலந்து சலித்து, இருபது நிமிடம் கழிந்த பின்னர் தூவிச் சீராகக் கலந்து, உடனே டின்னில் ஊற்றவேண்டும்.

ஏழு அங்குல டின்னுக்கு ஓவனில் 170 டிகிரி வெப்பத்தில் சுமார் 40 நிமிடம் பிடிக்கும். ஓவன் இல்லாத வீடுகளில் கனத்த பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உப்பு அல்லது மணல் பரப்பி, மேலே ஒரு தாங்கி வைத்து, மூடிப் பத்து நிமிடம் காய்ச்சிய பின் டின்னை இறக்கிச் சிறு தீயில் வேகவிடலாம். ஏறக்குறைய 50 நிமிடம் ஆகும். பிரஷர் குக்கரைப் பயன்படுத்துவோர் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் நீக்கிவிட வேண்டும். குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்தது என்று பொருள். சூடாக இருக்கையில் இக்கேக்கிற்கு வலுவில்லை. பத்து நிமிடம் டின்னிலேயே ஆறவிட்டுக் கவிழ்த்து, முற்றும் ஆறிய பின்னரே வெட்டவேண்டும். மூன்றாம் கேக் பொலபொலவென உதிர்ந்தது பொறுமையின்மையால்தான்.

வெனிலாவைப் பற்றி ஒரு சொல். இது மெக்சிகோ நாட்டு ஆர்க்கிட் கொடி ஒன்றின் காய். வேற்று நாடுகளில் நட்டபோது கொடி பூத்தது, காய்க்கவில்லை. 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் சிறு குச்சி ஒன்றால் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டான். அம்முறையே இன்றும் கையாளப்படுகிறது. 2003-ஆம் ஆண்டையொட்டி விலை மிக ஏறியதைக் கண்டு கேரளம், கர்நாடகம், தமிழ்நாட்டு மலையோரங்களில் பலர் வெனிலாக் கொடி நட்டதும், பின்பு விலை சரிந்து கையைச் சுட்டுக்கொண்டதும் அப்பகுதி விவசாயிகள் மறவாத கதை. கடையில் நாம் மலிவாக வாங்கும் எசென்ஸ் பெரும்பாலும் செயற்கை முறையில் ஆனதே. ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஊற்றினால் கசப்பு ஏறும்.

இனி என் பிழை. குழுவினர், "ஐயா, வேறு ஏதேனும் பார்த்துக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டபோது, "மைதா கலக்காவிட்டால் போதும்" என்று சொல்லி அனுப்பினேன். நான்காம் கேக் அழகாக எழுந்தது. உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அக்குழந்தைக்கு வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் கண்டதாகத் தந்தை தொலைபேசியில் தெரிவித்தார். அவர் குரலில் சினமில்லை, சோர்வே இருந்தது. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

அன்று மாலையே குழுவின் சமையற்கூடத்திற்குச் சென்றேன். குழுத் தலைவியை ஒவ்வொரு படியாக மீண்டும் செய்துகாட்டச் சொன்னேன். டின்னில் வெண்ணெய் தடவினார். பிறகு வழக்கம்போல் அடுக்கிலிருந்து ஒரு பிடி மைதாவை எடுத்து, ஒட்டாமலிருக்க டின்னின் உட்புறம் தூவித் தட்டினார். தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. "ஐயோ, ஐயா!" என்றார். பேக்கரிப் பயிற்சியில் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. கேக்கின் கலவையில் மைதா இல்லை, தோலில் இருந்தது. குழந்தையின் உபாதைக்கு இதுவே காரணம் என்று முடிவுகட்ட நான் மருத்துவன் அல்லேன். ஆனால் தேடத் தேட வேறு வழிகளும் புலப்பட்டன. அரிசியை அரைத்துத் தந்த மில்லில் அதற்குச் சற்றுமுன் கோதுமை அரைக்கப்பட்டிருந்தது. சல்லடையும் மரக்கரண்டியும் பிஸ்கட்டுக்குப் பயன்பட்டவை. அதே அறையில் காலையில் மைதா சலித்திருக்கிறார்கள். அந்தத் தூள் காற்றில் மிதந்து நெடுநேரம் கழித்தே படியும்.

குளூட்டன் அற்றது என்று அச்சிட்டு விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. 20 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகைக்கும் மிகக் குறைவு. ஒரு பிடி மைதா எங்கே, இவ்வளவு எங்கே!

அதன்பின் குழுவினர் தாமாகவே ஒழுங்கு ஒன்றை வகுத்துக்கொண்டனர். வாரத்தில் ஒரு நாள் மட்டும் இக்கேக். அதற்கு முந்தைய நாள் பிஸ்கட் வேலை கிடையாது. தரையையும் மேசையையும் ஈரத்துணியால் துடைத்தபின்பே தொடக்கம். டின், சல்லடை, கரண்டி ஆகியவற்றுக்குச் சிவப்பு வண்ணம் அடித்துத் தனிப் பெட்டியில் பூட்டினர். துளைகளில் மாவு தங்குமாதலால் மரக்கரண்டியை அறவே விலக்கினர். அரிசியை மில்லுக்கு அனுப்பாமல், தனியாக வாங்கிய சிறு அரவை இயந்திரத்தில் தாங்களே அரைக்கின்றனர். பேக்கிங் பவுடரிற் சிலவற்றில் கோதுமை மாச்சத்து கலந்திருக்கக்கூடும். ஆகவே டப்பாவின் உறையைப் படித்தே வாங்குகின்றனர். டின்னில் தூவுவது பச்சரிசி மாவு. குழுவினர் காரவகைகளும் செய்வதால், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்க்கப்படுகிறது என்பதையும் அவர்களுக்குச் சொன்னேன். நம் வீடுகளில் எவரும் நினைத்துப் பார்க்காத இடம் அது.

உறையில் என்ன அச்சிடுவது என்பதில் எங்களுக்குள் விவாதம் நடந்தது. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கூடத்தில் மாதிரி கொடுத்துச் சோதித்து முடிவு வரும்வரை "குளூட்டன் அற்றது" என்று அச்சிடுவதில்லை என்று இறுதியில் தீர்மானித்தனர். அதுவரை "அரிசி மாவுக் கேக்" என்று மட்டும் எழுதி, சேர்பொருள்கள் யாவற்றையும் கீழே குறித்து, இதே கூடத்தில் கோதுமைப் பண்டமும் செய்யப்படுகிறது என்ற வரியையும் சேர்த்தனர். இவ்வரியால் விற்பனை குறையும் என்று இருவர் வாதிட்டனர். சில மாதம் குறைந்தது உண்மையே.

அக்குழந்தையின் தந்தை மறு ஆண்டு மீண்டும் வந்தார். சமையற்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சிவப்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்துப் பார்த்தார். ஆய்வுக்கூடத்து அறிக்கையை இருமுறை படித்தார். பிறகுதான் முன்பணம் தந்தார்.

அரிசி மாவுக் கேக் மைதாக் கேக்கினும் விரைவில் இறுகும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் விரைவாக இறுகும். ஆகையால் முன்பதிவின்படி மட்டுமே செய்து அன்றே கொடுத்துவிடுதல் நலம். எஞ்சியது இருந்தால் மூடிய பாத்திரத்தில் வைத்து மறுநாளைக்குள் உண்ணலாம். உண்ணுமுன் இட்லிப் பானையில் இரண்டு நிமிடம் ஆவி காட்டினால் மீண்டும் மென்மை பெறும்.