ஒரு தையலுக்குள் இரண்டு நூல்

அரிசி மூட்டையின் வாயைப் பிரித்தவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுவதும் ‘சர்’ரென்று உருவிக்கொண்டு வந்துவிடும். மறுமுனையை இழுத்தால் ஓர் அங்குலம்கூட நகராது. அது சங்கிலித் தையல். நம் வீட்டுத் தையல் இயந்திரம் போடுவதோ பூட்டுத் தையல். அது உருவாது என்றே நாம் நம்பியிருக்கிறோம். அந்த நம்பிக்கை எப்போது மெய்யாகும், எப்போது பொய்யாகும் என்பதை, எங்கள் வீட்டிற்குப் புதிதாக வந்த கால் மிதி இயந்திரத்தில் விடுமுறை நாட்களில் சோதித்துப் பார்த்தேன்.

பிரான்சு நாட்டுத் தையற்காரர் திமோனியே 1830-இல் உரிமை பெற்ற இயந்திரம் ஒற்றை நூலால் சங்கிலித் தையலே போட்டது. பிழைப்புப் போய்விடுமென்று அஞ்சிய தையற்காரர்கள் பாரிசிலிருந்த அவருடைய பட்டறையை உடைத்தெறிந்தார்கள். (அவர்கள் அச்சத்தை நான் மூடத்தனம் என்று சொல்லமாட்டேன்.) பூட்டுத் தையலுக்கு அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் 1846-இல் உரிமை பெற்றார். கை ஊசிக்குக் காது பின்புறம். இயந்திர ஊசிக்கோ காது கூர்முனையருகே. இந்த இடமாற்றத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஊசி நூலோடு துணிக்குள் இறங்கிச் சற்றே மேலெழும்போது, நூல் பின்னால் ஒரு சிறு வளையமாகப் புடைக்கிறது. அடியிலுள்ள கொக்கி அவ்வளையத்தைக் கவ்வி, பாபினைச் சுற்றி எடுத்துச் செல்கிறது. மேல் நூலும் கீழ் நூலும் இவ்வாறு ஒன்றையொன்று தழுவிக்கொள்கின்றன. அந்த முடிச்சு இரண்டு துணிகளுக்கும் நடுவே புதைந்திருக்க வேண்டும்.

புதைகிறதா என்று எப்படி அறிவது? மேலே சிவப்பு நூல், பாபினில் கறுப்பு நூல், இரண்டு மடிப்பு வெள்ளைத் துணி. மேல் நூலை இறுக்கும் திருகைத் தளர்த்தி வைத்து முதல் வரி அடித்தேன். அடிப்பக்கம் சிவப்பு வளையங்கள் தொங்கின. கறுப்பு நூல் கம்பிபோல் நேராகக் கிடந்தது. அதைப் பிடித்து இழுத்தேன். அரிசி மூட்டையேதான்! நூல் முழுதாகக் கையோடு வந்தது, துணிகள் இரண்டாகப் பிரிந்தன. அடுத்த வரிக்குத் திருகை நன்றாக முறுக்கினேன். இப்போது மேற்பக்கம் கறுப்புப் புள்ளிகள், சிவப்பு நூல் நேர்கோடு, துணியும் சுருங்கிற்று. மூன்றாம் வரியில் சிறிது சிறிதாகத் தளர்த்தி, மேலே சிவப்பும் கீழே கறுப்பும் மட்டுமே தெரியும்படி செய்தேன். அதை இழுத்தபோது நூல் அறுந்தது, தையல் ஓடவில்லை.

சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்கீழ் நம் அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்கி வந்திருக்கிறது. ஆனால் இயந்திரம் வந்த எத்தனை வீடுகளில் அந்தத் திருகைத் தொட்டுப் பார்க்கும் துணிவு வந்திருக்கிறது? ‘மெஷின் கெட்டுவிட்டது’ என்று மூடிவைத்து, மேலே செய்தித்தாளை அடுக்கிவிடுகிறார்கள். பல நேரங்களில் கெட்டிருப்பது திருகின் அரைச்சுற்றுத்தான். நூலை மறுபடி முதலிலிருந்து கோத்து, ஊசியை மாற்றி, பிறகு திருகைத் தொட வேண்டும். ஊசித் தண்டில் தட்டையான பக்கத்திற்கு எதிரே நீளப் பள்ளம் ஓடும். அந்தப் பக்கமிருந்தே நூல் காதுக்குள் நுழைய வேண்டும். சாதாரணப் பருத்திக்கு 14 அல்லது 16-ஆம் எண் ஊசி போதும்.

இனி பை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019-இல் தடை வந்தது. 2021-இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிற்று. 15 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் உள்ள கெட்டித் துணியை மடித்து, வாயை ஒன்றரை அங்குலம் மடக்கி அடித்து, பக்கங்களை அரை அங்குலம் விட்டுத் தைத்தால், 14 அங்குல அகலமுள்ள பை கிடைக்கும். பழைய வேட்டியானால் இரட்டையாக மடித்துக்கொள்ளலாம். பையின் உயிர் கைப்பிடி சேருமிடத்தில் இருக்கிறது. நாலு கிலோ அரிசியின் பளு முழுவதையும் தாங்குவது அந்த ஓர் அங்குலத் தையலே. அங்கே சதுரமாக ஓட்டி, நடுவே குறுக்கும் மறுக்குமாக அடிக்க வேண்டும். உறுதிக்காகத் தையலை மிகப் பொடியாகப் போடுவது வீண்வேலை. துணியெங்கும் துளை விழுந்து அஞ்சல்தலை போலக் கிழியும். அங்குலத்திற்குப் பத்து, பன்னிரண்டு போதும்.

பனியன் துணி மட்டும் இந்தப் பூட்டுக்கு அடங்காது. துணி நீளும், பூட்டிய நூல் நீளாமல் அறுந்துவிடும். அதனால்தான் திருப்பூரில் பனியனுக்கு ஓவர்லாக் போன்ற வேறு இயந்திரங்கள் ஓடுகின்றன. சங்கிலித் தையலுக்குள்ள நெகிழ்வு அங்கே குறையாகாமல் குணமாகிவிடுகிறது.

பைக்குப் பிறகு தலையணை உறைகள் இரண்டு தைத்தேன். அடுத்துள்ளது ரவிக்கை. அதன் கைக்குழி வளைவுக்குத் திருகு உதவாது. அங்கே கணக்கு முழுவதும் கத்தரிக்கோலிடம் இருக்கிறது.