கைத்தொலைபேசி சார்ஜரும் நமது கரண்ட் பில்லும்

2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின் கட்டணம் உயர்ந்ததிலிருந்து கடைவீதியில் எல்லோரும் சிக்கனம் பேசத் தொடங்கிவிட்டார்கள். நல்ல விடயம்தான். ஆனால் முதலில் சொல்லும் ஆலோசனை என்னவென்றால், "போன் சார்ஜரை பிளக்கிலேயே விடாதீர்கள், கரண்ட் இழுக்கும்" என்பது. நாம் வியாபாரிகள். இதையும் கணக்குப் போட்டே பார்ப்போமே.

தரமான சிறிய சார்ஜர் ஒன்று போன் மாட்டாமல் சும்மா இருக்கும்போது 0.3 வாட்டுக்கு மேல் இழுக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 முதல் அதுதான் உச்ச வரம்பு. 2020இல் அதையும் 0.1 வாட்டாகக் குறைத்தார்கள். 0.3 வாட் என்றே வைத்துக்கொள்வோம். வருடம் முழுக்க இரவு பகலாக மாட்டியிருந்தாலும் செலவு 2.6 யூனிட்தான். போனை நிரப்புவதும் அப்படியே. 5,000 மில்லி அம்பியர் பெற்றரியை ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 40 தடவை நிரப்பலாம்.

இப்போது உங்கள் கடைக் கண்ணாடி அலுமாரியைப் பாருங்கள். அதிலுள்ள 50 வாட் ஹலஜன் பல்ப் ஒன்று தினம் 8 மணி நேரம், மாதம் 26 நாள் எரிந்தால் 10.4 யூனிட். அதே இடத்தில் 7 வாட் எல்.ஈ.டி. போட்டால் ஒன்றரை யூனிட் அளவுதான். சிக்கனம் தேடுபவர்கள் அங்கேதான் கை வைக்க வேண்டும்.

அப்படியானால் சார்ஜரைக் கழற்றத் தேவையில்லையா? தேவை. காரணம் பில் அல்ல, உயிர். சார்ஜருக்குள் ஒரு பக்கம் 230 வோல்ட், மறுபக்கம் நம் கையில் இருக்கும் போனுக்குப் போகும் 5 வோல்ட். இரண்டையும் பிரித்து வைப்பது சிறிய ட்ரான்ஸ்போமரின் காப்பும், பலகையில் விடப்படும் சில மில்லிமீற்றர் இடைவெளியும்தான். மலிவுக்காகச் செய்பவர் முதலில் குறைப்பது இவற்றைத்தான். வெளியே பார்த்தால் அசலும் போலியும் ஒன்று போலவே இருக்கும். 2016இல் யூ.எல். என்ற அமெரிக்க நிறுவனம் ஆப்பிள் பெயரில் வந்த 400 போலி சார்ஜர்களைச் சோதித்தது. 397 தேறவில்லை. அவற்றில் 12 ஆளைக் கொல்லக்கூடிய அளவுக்கு மோசம்.

"வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே" என்பார்கள். உடம்பு வழியாக நிலத்துக்கு மின் கசிந்தால் 30 மில்லி அம்பியரில் அது விழும், உண்மை. ஆனால் சார்ஜர் உள்ளுக்குள் சூடாகி மெத்தையைப் பற்றவைத்தால் அதற்குத் தெரியாது. தலையணைக்கடியில் போனை வைத்து சார்ஜ் போடும் பிள்ளைகளைத் தடுப்பது நம் வேலை.

மல்டி பிளக்கைப் பற்றியும் ஒரு சொல். நான்கு சார்ஜர் போட்டாலும் அது தாங்கும். 2,000 வாட் கேத்தலையோ மின்னழுத்தியையோ அதே மெல்லிய வயரில் மாட்டினால் 9 அம்பியர் வரை ஓடும். வயர் உருகுவது அப்போதுதான். பழைய உருண்டைக் கால் பிளக்கில் ஃபியூஸும் கிடையாது. 2017இல் 13 அம்பியர் சதுரக் கால் பிளக்கை நாட்டின் ஒரே தரமாக்கியது நல்ல முடிவு. அதற்குள் சார்ஜருக்கு 3 அம்பியர் ஃபியூஸ் போதும்.

இந்தப் பொருளை விற்பவர்கள் நம்மில் பலர் என்பதால் இதையும் எழுதுகிறேன். மலிவுச் சரக்கில் இலாபம் கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் போலியை "கொம்பனி சாமான்" என்று சொல்லி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டப்படியும் குற்றம். இறக்குமதியாளரிடம் மொடல் இலக்கம் எழுதிய பில் கேளுங்கள். தர மறுப்பவரிடம் எடுக்காதீர்கள். பெட்டியில் வோல்ட், அம்பியர், தயாரிப்பாளர் பெயர் இல்லாத சார்ஜரையும், கையில் காற்றுப் போல் இலேசாக இருப்பதையும் அலுமாரியில் வைக்காதீர்கள். திரும்பி வரும் பழுதான சார்ஜரை ஒட்டி மீண்டும் விற்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

ஏப்ரல் மாத இடிமின்னல் காலத்தில் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. ட்ரிப் சுவிட்சில் உள்ள சிறிய சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.