பட்டங்களும் பண்பாடும்: 'சங்கீத கலாநிதி' விருதின் வரலாறு – ஒரு பார்வை

முன்னுரை

கலைஞரைப் பட்டமும் பொன்னும் அளித்துப் போற்றுதல் தமிழர்தம் தொன்மரபாகும். பாணர்க்குப் பொற்றாமரை சூட்டிய செய்தியைப் பத்துப்பாட்டு கூறும். மாதவி தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றதைச் சிலப்பதிகார அரங்கேற்று காதை விளக்கும். மன்னர்கள் மறைந்த பின்னர் இப்பணியைச் சபைகள் ஏற்றன. அவற்றுள் சென்னை மியூசிக் அகாதெமி வழங்கும் 'சங்கீத கலாநிதி' பட்டத்தின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரசு மாநாடு கூடியபோது அதனையொட்டி அகில இந்திய இசை மாநாடும் நடைபெற்றது. அதன் விளைவாக 1928-இல் அகாதெமி தோன்றியது. 1929 முதல் ஆண்டுதோறும் நடந்த மாநாட்டிற்கு இசையறிஞர் ஒருவர் தலைமை தாங்கினார். அவ்வாறு தலைமை ஏற்பவர்க்குப் பட்டம் சூட்டும் முறை 1942-இல் வகுக்கப்பெற்றது. முன்னர்த் தலைமை தாங்கியோர்க்கும் அது வழங்கப்பட்டது. எனவே இப்பட்டம் வெறும் பரிசன்று. அவைத் தலைமைக்குரிய சிறப்பு என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

திறந்த கதவுகள்

மிருதங்கக் கலைஞர் பாலக்காடு மணி ஐயர் 1966-இல்தான் இப்பட்டம் பெற்றார். பெண்களுள் முதலாமவராக எம்.எஸ். சுப்புலட்சுமி 1968-இல் பெற்றார். நாட்டியக் கலைஞர் பாலசரசுவதி 1973-இல் பெற்றார். நாகசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற டி.என். இராசரத்தினம் பிள்ளையோ இப்பட்டம் பெறாமலே 1956-இல் மறைந்தார். பட்டியலில் இருப்போரை மட்டுமன்றி இல்லாதோரையும் எண்ணிப் பார்ப்பதே ஆய்வாளர் கடமை.

மொழியும் பட்டமும்

கச்சேரிகளில் தெலுங்கும் வடமொழியும் முதலிடம் பெற, தமிழ்ப் பாடல்கள் இறுதியில் துக்கடாக்களாக ஒதுக்கப்பட்டன. இக்குறையைப் போக்க எழுந்த தமிழிசை இயக்கத்திற்கு அண்ணாமலைச் செட்டியார் துணைநின்றார். இராசாசி, கல்கி, இரசிகமணி டி.கே.சி. ஆகியோர் குரல் கொடுத்தனர். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. பின்னர் அச்சங்கமும் 'இசைப் பேரறிஞர்' என்னும் பட்டத்தை வழங்கலாயிற்று. பெயரிலேயே தமிழ் மணக்கும் அப்பட்டம், வாதத்திற்குச் செயலால் அளித்த விடையாகும்.

சமயம் கடந்த நாதம்

1998-இல் ஷேக் சின்ன மௌலானா சங்கீத கலாநிதி ஆனார். ஆந்திரத்தின் கரவதியில் பிறந்து, நாச்சியார்கோயில் இராசம்–துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சைப் பாணியைப் பயின்று, திருவரங்கத்தில் வாழ்ந்த இசுலாமியர் அவர். கோயிலின் மங்கல இசையே அவர்தம் வாழ்வாயிற்று. அங்கு 1982-இல் நாகசுரப் பள்ளியும் நிறுவினார். பட்டம் பெற்ற மறு ஆண்டே மறைந்தார்.

முடிவுரை

2024-இல் டி.எம். கிருஷ்ணா தேர்வு செய்யப்பட்டபோது கலைஞர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்து விலகினர். விவாதம் நீதிமன்றம் வரை சென்றது. 'யாருக்குப் பட்டம்?' என்னும் வினா 'எது நம் இசை?' என்னும் வினாவாகவே என்றும் விரிகிறது. பள்ளிக்கரணையிலிருந்து பேருந்தேறினால் அகாதெமி அரங்கையும் பாரிமுனை இராசா அண்ணாமலை மன்றத்தையும் ஒரே நாளில் கண்டு திரும்பலாம். மாணவர்கள் இரண்டிலும் அமர்ந்து கேட்டு, தாமே எடைபோடுதல் வேண்டும். பட்டம் கலைஞரை அளக்கும் கோல். அக்கோலையும் அளந்து பார்ப்பதே கல்வி.