எஞ்சினின் குளிர்ச்சிக் கோளாறு: அறியும் வழிகள்

எஞ்சின் கொதித்து ஆவி கிளம்பினால் வண்டிக்காரர் பதறி நிறுத்துகிறார். அது வேண்டிய சூடேறாமல் ஓடினால் ஒருவரும் கவலை கொள்வதில்லை. உண்மையில் இரண்டும் தீங்கே. முன்னது ஒரே நாளில் கெடுக்கும். பின்னது சில வருஷங்களில் கெடுக்கும்.

1958 முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசிடர் வண்டியை உதாரணமாகக் கொள்வோம். அதன் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின், ஜலம் சுமார் 80 முதல் 90 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் இருக்கும்போதே செவ்வையாக உழைக்கும். உஷ்ணம் குறைந்தால் பெட்ரோல் முழுதும் ஆவியாவதில்லை. திரவமாக நிற்கும் பெட்ரோல், சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிட்டுக் கீழிறங்கி, எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. எரிந்த வாயுவிலுள்ள நீராவியும் குளிர்ந்து நீராகி, அமிலத்தோடு சேர்ந்து சுவரை அரிக்கிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்வதும் பெட்ரோல் செலவு ஏறுவதும் இதன் பலன்.

அறிகுறிகள்: சோக்கை நெடுநேரம் இழுத்து வைக்க வேண்டியிருத்தல், ஸ்பார்க் பிளக் கரி படிதல், எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற வெளிறிய பசை காணுதல். ரேடியேட்டர் ஜலமும் குறைந்துவந்தால் இப்பசைக்கு ஹெட் காஸ்கெட் பழுது காரணமாகலாம். அதைத் தனியே சோதிக்க வேண்டும்.

முதற் சோதனை: பழி உஷ்ணமானியின்மேல் இருக்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஜலத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்து எஞ்சினை ஓட்டுக. நன்றாகச் சூடேறிய பின் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே காட்டினால் மானி பொய் சொல்லவில்லை. சூடான மூடியை ஒருபோதும் திறக்கலாகாது.

இரண்டாவது சோதனை: குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, விசிறியில் கைபடாமல் ரேடியேட்டரின் மேற்குழாயைத் தொட்டுப் பார்க்க. குழாய் சில நிமிஷங்கள் குளிர்ந்தே இருந்து, பின் விரைவில் சூடேற வேண்டும். தொடக்க முதலே சிறிது சிறிதாகச் சூடேறினால் தெர்மாஸ்டாட் திறந்தே நிற்கிறது, அல்லது அங்கே இல்லவே இல்லை. "நம் வெயிலுக்கு இது எதற்கு?" என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு.

மூன்றாவது சோதனை: எஞ்சின் ஆறியபின் சிறிது ஜலத்தை வடித்து, சிலிண்டர் ஹெட்டின் முன்புறத்து மூடியைக் கழற்றி, தெர்மாஸ்டாட்டை எடுக்க. குளிர்ந்த நிலையில் அதன் வால்வு மூடியிருக்க வேண்டும். காற்றுப் போக வைத்திருக்கும் சிறு துளை பழுதன்று. அதையும் தெர்மாமீட்டரையும் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டு, ஜலத்தைக் காய்ச்சுக. அதன்மேல் பொறித்த எண்ணையொட்டி, 82 என்றிருந்தால் 82 டிகிரி வாக்கில், வால்வு திறக்கத் தொடங்க வேண்டும். ஆறினால் மூட வேண்டும். முன்னமே திறந்தாலும், மூடாமல் நின்றாலும் புதியதே மாற்ற வேண்டும். உதகமண்டலம் போன்ற உயர்ந்த இடங்களில் ஜலம் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், வால்வு முழுதும் திறப்பதை அங்கே காணாதிருக்கலாம். அதுகொண்டு பழுதென்று முடிவு கட்டலாகாது.

மாற்றும் முறை: மெழுகுக் குமிழ் எஞ்சின் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். காஸ்கெட் புதிதாக இருக்க வேண்டும். நீர்த்துப்போன எண்ணெயையும் உடனே மாற்றிவிடுவது நலம்.

தெர்மாஸ்டாட்டைப் பொருத்தியபின் எஞ்சின் கொதிக்கத் தொடங்கினால், அதை மறுபடியும் கழற்றுவது பரிகாரம் அன்று. ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா, விசிறி வார் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அக்குறையைத் தீர்க்க வேண்டும். சிறு தொகையுள்ள ஒரு வால்வை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சிலிண்டர்களைக் கடைந்து புதுப்பிக்கும் பெருஞ்செலவைத் தேடிக்கொள்வது சிக்கனம் ஆகாது.