அம்மாவின் வீட்டுப் பத்திரம்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதத்தை உன் அம்மா என்னிடம் படிக்கக் கொடுத்தாள். சென்னை வேலையை விட்டுவிட்டு, திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் பன்னிரண்டு அறைக் கட்டிடம் ஒன்றை லீசுக்கு எடுத்து லாட்ஜ் நடத்தப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பணத்துக்கு அம்மாவின் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதாக முடிவு. 'இது என் லீப் ஆஃப் ஃபெய்த், அருணகிரிநாதர் கோபுரத்திலிருந்து குதித்த ஊரில் பிறந்தவளுக்கு என்ன பயம்' என்று கடைசியில் கேட்டிருக்கிறாய்.

அந்தக் கதையை நீ பாதியில் நிறுத்திவிட்டாய், பாப்பா. வல்லாள கோபுரத்தின் மேல் அவர் ஏறியது எதையோ தொடங்குவதற்காக அல்ல. கைப்பொருளை அழித்து, உடம்பையும் கெடுத்துக்கொண்டு, தன்னைத் தாங்கிய அக்காளின் சொத்தையும் கரைத்துவிட்டு, இனி இருந்து என்ன என்று உயிரை விடத்தான் ஏறினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். முருகன் தாங்கிக்கொண்டான் என்று நாம் நம்புகிறோம். அவனுடைய கோபுரத்திளையனார் சந்நிதியில் நானும் கைகூப்பி நிற்கிறவன்தான். ஆனால் கதை சொல்கிறவர்கள் யாரும் அந்த அக்காள் இழந்ததற்குக் கணக்குச் சொல்வதில்லை. உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது.

துணிவுக்கு இந்த ஊரிலேயே ஆள் வேண்டுமென்றால் ரமணரைப் பார். 1896 ஆகஸ்ட் 29, மதுரை. அப்போது அவர் பெயர் வேங்கடராமன், பதினாறு வயது. வீட்டை விட்டு இந்த ஊருக்குக் கிளம்பினார். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்தைக் கட்ட அவரிடம் கொடுத்தது ஐந்து ரூபாய். பழைய அட்லஸில் திருவண்ணாமலைக்கு அருகில் ரயில் நிலையம் எது என்று தேடினார். திண்டிவனம் என்று பட்டது. அதுவரை போக மூன்று ரூபாய் போதும் என்று எடுத்துக்கொண்டார். மீதி இரண்டு ரூபாயை, தான் எழுதிய சீட்டோடு வைத்தார். சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று அந்தச் சீட்டிலேயே குறித்திருந்தார். எல்லாவற்றையும் துறந்து போகிற பிள்ளை, பிறர் பணத்துக்குக் கணக்கு எழுதி வைத்துவிட்டுப் போனதைக் கவனி.

அட்லஸ் பழசு. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ரயில் வந்துவிட்டது அவருக்குத் தெரியாது. கையிலிருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து நடை. அரகண்டநல்லூர் தாண்டி, திருக்கோவிலூரின் ஒரு பகுதியான கீழூரில் முத்துக்கிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். கோகுலாஷ்டமி நாள் அது. மேற்கொண்டு ரயிலுக்குப் பணம் வேண்டும். யாரிடமும் கை நீட்டவில்லை; காதில் கிடந்த சிவப்புக்கல் கடுக்கனைக் கழற்றி நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். பாகவதர் அதை இருபது ரூபாய் பெறும் என்று மதித்தாராம். செப்டம்பர் 1 காலையில் இங்கு வந்து சேர்ந்தார்.

அடகு போனது அவர் காதில் இருந்தது, பாப்பா.

அப்படியும் பெற்றவள் பட்ட பாடு குறையவில்லை. 1898 கடைசியில் அழகம்மாள் மூத்த பிள்ளையோடு வந்து, பவழக்குன்றில் இருந்தவரை வீட்டுக்கு வா என்று நாள் கணக்கில் அழுது கேட்டார், வெறுங்கையோடு திரும்பினார். 1916-ல்தான் மகனோடு வந்து தங்க முடிந்தது. 1922-ல் காலமானார். ஆசிரமத்து மாத்ருபூதேசுவரர் கோயில் அந்தத் தாயின் சமாதி மேல் எழுந்தது. மகானின் துணிச்சலிலேயே வீட்டில் ஒருத்தி இத்தனை வருஷம் விலை கொடுத்திருக்கிறாள். நீ எடுக்கும் முடிவில் விலை கொடுக்கப் போவது யார் என்பதுதான் என் கேள்வி.

இனி தொழிலுக்கு வருகிறேன். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தைப் பார்த்து நீ கணக்குப் போட்டிருக்கிறாய். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் சாயங்காலம் பஸ்ஸில் இறங்கி, ராத்திரி பதினான்கு கிலோமீட்டர் நடந்து, விடிகாலைப் பஸ் பிடிக்கிறவர்கள். அறை எடுப்பவர்கள் கொஞ்சம். கார்த்திகை தீபத்தன்று யார் லாட்ஜும் நிறையும், அதை வைத்து வருஷத்தைக் கணக்கிடக் கூடாது. ரமண நகர்ப் பக்கம் வரும் வெளிநாட்டவர் வெயில் ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுவார்கள். சித்திரை மத்தியானத்தில் செங்கம் ரோட்டில் நடந்து பார்: வரவேற்பு மேசையில் பையன் கைமேல் தலை வைத்துத் தூங்குகிறான், பின்னால் ஆணியில் சாவிகள் வரிசையாகத் தொங்குகின்றன. வாடகையும் தவணையும் அந்த மாதத்துக்கும் உண்டு.

2020 மார்ச்சில் கொரோனாவால் கிரிவலத்துக்குத் தடை வந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷம் பௌர்ணமி வந்து வந்து போனது, வீதியில் ஆள் இல்லை. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண் சரிந்து வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. பன்னிரண்டு நாள் கழித்து வந்த தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. இந்த ஊர்த் தொழில் மலையையும் மழையையும் அரசாங்க உத்தரவையும் சார்ந்தது; அதில் எதுவும் நம் கையில் இல்லை.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உனக்கு ஆட்களோடு பழகத் தெரியும், கணக்கு தெரியும், இந்த ஊர் தெரியும். ஆசையும் நியாயமானது. செய், ஆனால் உன் சேமிப்பை வைத்துச் செய். பன்னிரண்டு அறை முதல் வருஷத்துக்கு வேண்டாம். ரமண நகரில் மாடிப் போர்ஷன் ஒன்றை, மூன்று நான்கு அறை போதும், பதினொரு மாத ஒப்பந்தத்தில் எடு. உரிமம் யார் பெயரில் இருக்கிறது, தண்ணீர் லாரியா போரா என்று முதலில் பார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கும் ஆள் தேவை. வேலையை உடனே விடாதே. சம்பளமில்லா விடுப்பு தருவார்களா என்று கேள். நஷ்டம் வந்தால் உன் சேமிப்போடு போகட்டும். உனக்கு வயசு இருக்கிறது, திரும்பச் சம்பாதித்துவிடுவாய்.

உன் அம்மாவுக்கு அந்த வயசு இல்லை. உன் அப்பா போன பிறகு அவளுக்கு மிச்சம் இருப்பது அந்த வீடுதான். நீ கேட்டால் ஒரு வார்த்தை பேசாமல் பத்திரத்தை எடுத்துக் கொடுப்பாள், எனக்குத் தெரியும். அதனால்தான் நீ கேட்கக் கூடாது என்கிறேன்.

கட்டிடக்காரருக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். கொடுக்காதே. அடுத்த வாரம் பௌர்ணமி இல்லாத ஒரு நாளாகப் பார்த்து வா. இரண்டு பேரும் செங்கம் ரோடு முழுக்க நடந்து, ஒவ்வொரு லாட்ஜிலும் நேற்று எத்தனை அறை போனது என்று கேட்போம். என்றைக்கு வருகிறாய் என்று அம்மாவுக்கு ஒரு போன் செய்துவிடு.

அன்புடன்,
மாமா