அட்டை உங்களுடையது, கையெழுத்தும் உங்களுடையது

இம்முறை நாம் படிக்கப்போவது ஒரு சின்ன அட்டையைப் பற்றி. தேசிய அடையாள அட்டை, நம்ம லயத்துப் பேச்சில் 'ஐடென்டி'. தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்களில் இது இல்லாத வீடு இன்றைக்குக் குறைவுதான். ஆனால் அதைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் எத்தனை?

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் நம்ம பேர் எழுதிய தாள் நம்ம கையில் இருந்ததில்லை. அன்று 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இந்தக் கூட்டத்து ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆட்களை விடுவேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. அதைக் கங்காணி கொண்டுபோய் அடுத்த தோட்டத்தில் காட்டுவார். ஆளும் கடனும் சேர்ந்தே கைமாறும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். பிறகு 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் என்று வரிசையாக வந்த பிறகே அந்தக் கதை முடிந்தது. யுத்த காலத்தில் அட்டை இல்லாமல் பொலிஸ் சோதனையில் மாட்டிக்கொண்ட நம் பிள்ளைகளை யாரும் மறக்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த அட்டையை, "அரிசி மூட்டைக்கு ஈடா வச்சுக்கோங்க முதலாளி" என்று கடையில் விட்டுவிட்டு வருகிறோமே! வட்டிக்குக் கொடுப்பவரிடம் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் சேர்த்துக் கொடுப்பவர்களும் உண்டு. இது நாமே மறுபடி துண்டு எழுதிக் கொடுப்பதுதான்.

அட்டையை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். முதலில் அந்த இலக்கத்தையே பாருங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1975 ஜனவரி 10இல் பிறந்த ஆணுக்கு 75010 என்று தொடங்கும், பெண்ணுக்கு 75510. 2016 முதல் வரும் பன்னிரண்டு எண் அட்டையில் வருடம் நான்கு எண்ணாக இருக்கும், கணக்கு அதேதான். ஆகவே இலக்கம் தெரிந்தவனுக்கு உங்கள் பிறந்த நாளும் தெரியும். பிறந்த வருடத்தையே ஏ.டி.எம். எண்ணாக வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது சிம். உங்கள் அட்டையைக் காட்டி இன்னொருவர் சிம் வாங்கினால் அது உங்கள் பேரில்தான் பதிவாகும். அதில் மிரட்டலோ மோசடியோ நடந்தால் பொலிஸ் முதலில் உங்கள் லயத்துக் கதவைத்தான் தட்டும். "தம்பிக்காக வாங்கிக் கொடுத்தேன்" என்று விளக்கிச் சொல்வதற்குள் எத்தனை நாள் பேர் போகுமோ! உங்கள் பேரில் எத்தனை சிம் இருக்கிறது என்று தொலைபேசிக் கம்பனியின் கிளையில் அட்டையோடு போய்க் கேளுங்கள். தெரியாதது இருந்தால் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

மிகப் பெரிய தொல்லை கடனில்தான். குழுக் கடன் கொடுக்க வருபவர்கள் போட்டோ கொப்பியும் கையெழுத்தும் கேட்பார்கள். நிரப்பாத படிவத்தில் ஒப்பம் வைக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்காகப் பிணை நிற்பதும் கடன்தான் என்பதை நினைவில் வையுங்கள். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கொடுத்த கடன்களின் விவரம் 1990இல் சட்டப்படி அமைந்த கடன் தகவல் பணியகத்தில் சேர்கிறது. கட்டணம் செலுத்தி உங்கள் அறிக்கையை வங்கி மூலம் எடுக்கலாம். வாங்காத கடன் அதில் இருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

கொப்பி கொடுத்துத்தான் ஆகவேண்டிய இடமும் இருக்கிறது. அப்போது கொப்பியின் மேல் குறுக்காக, பேனாவால், எழுத்து அட்டைப் படத்தின் மேலும் படும்படியாக எதற்கு, எந்தத் திகதி என்று எழுதிவிடுங்கள். "இன்ன வங்கிக் கணக்கு திறக்க மட்டும்" என்று இருந்தால் அந்தத் தாளை வேறு வேலைக்குக் காட்டுவது கஷ்டம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

போனில் வரும் இலக்கங்களைப் பற்றியும் ஒரு சொல். "பரிசு விழுந்திருக்கு, மெசேஜில் வந்த நம்பரைச் சொல்லுங்க" என்பவன் உங்கள் கணக்கின் சாவியைத்தான் கேட்கிறான். எந்த வங்கியும் அதைக் கேட்காது. சிங்களத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள்.

ஊழியர் சேமலாப நிதிக் கணக்கிலும் கண் வையுங்கள். செக்ரோலில் ஒரு பேர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அட்டையில் இன்னொரு பேர் என்று இருந்தால் காசு எடுக்கும் நாளில் அலைச்சல்தான். எழுத்துப் பிழை என்று அலட்சியம் வேண்டாம். ஓய்வு பெறுமுன்பே கணக்குக் கூற்றை வாங்கி ஒப்பிட்டுத் தோட்ட அலுவலகத்தில் திருத்தக் கேளுங்கள்.

அட்டை தொலைந்தால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள், கொழுந்துக் கணக்கு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். முறைப்பாட்டின் திகதிதான் பிறகு நடந்தது உங்கள் வேலையில்லை என்பதற்குச் சாட்சி. அதன் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, கிராம சேவகர் அல்லது தோட்ட அத்தியட்சகர் மூலம் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பழைய அட்டையின் இலக்கத்தை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால் அந்த வேலை சுலபம்.