இடம் மாறிய நாடிகள்

உடலுறுப்புக்களுள் ஓயாது உழைப்பது இதயம். அதன் வலப்புறம் உயிர்வளி குன்றிய கருங்குருதியை நுரையீரலுக்கு அனுப்பும். இடப்புறம் அங்கே உயிர்வளி பெற்று மீண்ட செங்குருதியைப் பெருநாடி வழியே உடலெங்கும் செலுத்தும். இவ்விரு சுற்றும் ஒன்றையொன்று தொடர்தலாலேயே உயிர் நிலைபெறுகின்றது.

மிக அரிதாகச் சில குழந்தைகட்குக் கருவிலேயே பெருநாடியும் நுரையீரல் நாடியும் இடம் மாறி அமைந்துவிடுகின்றன. அதனால் கருங்குருதி மீண்டும் உடலுக்கே செல்லும். செங்குருதியோ நுரையீரலுக்கே திரும்பும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாயும். முற்காலத்தில் இத்தகைய குழந்தைகளுள் பெரும்பாலானவை ஓராண்டு நிறையுமுன் இறந்தன.

நாடிகளை வெட்டி உரிய இடத்தில் பொருத்தினால் என்ன என்று எவர்க்கும் தோன்றும். ஆயின், இதயத்திற்கே குருதியூட்டும் இரு நுண்ணிய நாடிகள் பெருநாடியின் அடியிற் கிளைக்கின்றன. அவற்றையும் மாற்றாவிடின் இதயத்திற்குச் செங்குருதி கிட்டாது. கனடா நாட்டு மருத்துவர் வில்லியம் மஸ்டர்ட் 1950-களின் தொடக்கத்தில் இவ்வழியில் முயன்று தோல்வியுற்றார்.

ஆகவே, மருத்துவர் சுற்றுவழி நாடினர். 1958இல் சுவீடன் நாட்டு ஆக்கே சென்னிங்கும், 1963இல் அதே மஸ்டர்டும், நாடிகளைத் தொடாமல், மேலறைகளினுள்ளே குருதியின் போக்கைத் திருப்பினர். வாய்க்கால் நீரை மடைமாற்றுதல் போன்றது இது. 1966இல் அமெரிக்க நாட்டு வில்லியம் ரஷ்கிண்ட், பலூன் பொருத்திய மெல்லிய குழாயை இதயத்துட் செலுத்தி, மேலறைகளின் இடைச்சுவரில் திறப்பை அகலமாக்கினார். இருவகைக் குருதியும் கலந்தமையால், அறுவைக்குரிய காலம் வரும்வரை குழந்தைகள் உயிர் தரித்தன.

மடைமாற்றத்தால் பல குழந்தைகள் பிழைத்து வளர்ந்தன. எனினும், நுரையீரலுக்கு மட்டுமே குருதியை அனுப்புதற்கென அமைந்த வலக் கீழறை, உடல் முழுவதற்குமான சுமையைத் தாங்க நேர்ந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பலர்க்கு அது தளர்ந்தது.

1975இல் பிரேசில் நாட்டுச் சாவோ பாலோ நகரில் அடிப் ஜாடெனே என்பார் நேர்வழியில் வெற்றி கண்டார். நாற்றினைத் தாய்மண்ணோடு பெயர்த்து நடும் உழவன்போல, அவர் அந்நுண்ணிய நாடிகளை அவை முளைத்த சுவர்த்துண்டோடு பெயர்த்துப் புதிய இடத்தில் தைத்தார். பெரிய நாடிகள் இரண்டும் தத்தமக்குரிய இடம் பெற்றன. இன்று இம்முறையே பெரிதும் கையாளப்படுகின்றது. பிறந்த சில வாரங்களுக்குள் இதனைச் செய்தல் நன்று. காலம் தாழ்ப்பின், எளிய பணிக்குப் பழகிய இடக் கீழறை வலிமை குன்றிவிடும்.

தோல்வியுற்ற முயற்சிகள் இடர் இருக்குமிடத்தைக் காட்டின. சுற்றுவழி, நேர்வழி காணும்வரை குழந்தைகளைக் காத்தது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்ந்தமையாலேயே இவ்வருஞ்செயல் கைகூடிற்று.